எஸ்டிமேட் அண்ணாச்சி கட்டிய துவைக்கிற அறை

எஸ்டிமேட் போடாமல் எஸ்டிமேட் அண்ணாச்சி ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. ஜலதோஷம் எத்தனை நாள் இருக்கும், எத்தனை கைக்குட்டை வேண்டும், ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, அடியில் கோடு போட்டுக் கூட்டிவிட்டுத்தான் முதல் தும்மலுக்கே மூக்கைத் திறப்பார். நம்பாதவர்கள் தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்திருக்க வேண்டும். நான் இருந்தேன். அதுவும் பக்கத்து வீட்டில்.

கட்டட இலாகாவில் ஓவர்சியர் வேலை. பாலமோ பள்ளிக்கூடமோ, இவ்வளவு மணல், இவ்வளவு சிமெண்ட் என்று கணக்குப் போடுவது அவர் உத்தியோகம். சாயங்காலம் ஆபீஸ் மூடிவிடும், அண்ணாச்சி மூடமாட்டார். ஒருமுறை அவருடைய சொந்த ஊரான திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். பயண எஸ்டிமேட்டில் 'பஞ்சர், அரை மணி' என்று எழுதியிருந்தார். அன்றைக்கென்று பஸ் பஞ்சராகவில்லை. மனுஷருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கியதும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து மிச்ச நேரத்தைக் கழித்த பிறகுதான் எழுந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தியும் பாதி ஆகியிருந்தது.

"நேரம் கணக்கா வந்துட்டுல்லாவே" என்றார் என்னிடம், திருப்தியாக.

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தக் காலத்தில் அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் வீடுகள் இரண்டும் நடுவில் ஒரே சுவரை வைத்துக் கட்டிய ஜோடி வீடுகள். அவர் வீட்டில் தேங்காய் உடைத்தால் என் வீட்டில் சில்லு விழுந்த மாதிரி கேட்கும். அவர் தன் வீட்டுக்கு என்ன நல்லது செய்தாலும் அடுத்த ஐந்தாவது நிமிஷம் என் மனைவி கோமதிக்குத் தெரிந்துவிடும். ஆறாவது நிமிஷம் எனக்குச் சொல்லப்படும்.

ஓர் ஐப்பசி மழையில், முற்றத்துக் கல்லில் குனிந்து துவைத்துத் துவைத்து அண்ணாச்சி வீட்டு மதினிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வைத்தியர் தைலம் கொடுத்தார். அண்ணாச்சி எஸ்டிமேட் போட்டார். துவைப்பதற்கென்றே கொல்லையில் ஓர் அறை. நின்றபடி துவைக்க உயரமான கல், மழைநாளில் துணி காயக் கொடி, பின்னாளில் வாங்கப்போகிற வாஷிங் மெஷினுக்கு ஒரு மூலை, அதற்கு மேலே பிளக் பாயிண்ட்.

"மெஷினு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது வரும்வே, பைய வரும். வந்து இறங்குத அன்னைக்கு அதுக்கு இருக்க இடம் வேணும்லா?"

கல்லின் உயரத்துக்காக மதினியைக் கொல்லையில் நிறுத்தி, காற்றிலேயே சேலை கசக்கச் சொன்னார். மதினி சிரித்துக்கொண்டே கசக்க, இவர் டேப்பைப் பிடித்து முழங்கை உயரத்தை மூன்று தடவை அளந்தார். தெருப் பெண்கள் எல்லோரும் வேலி ஓரமாக நின்று பார்த்தார்கள். கோமதியும் பார்த்தாள்.

அன்று சாப்பாடு போடும்போது கேட்டாள். "அத்தான், என் உசரம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கல்யாணமாகிப் பதினொரு வருஷம். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அஞ்சரை அடி இருப்பே" என்றேன்.

"அஞ்சரை நீங்க" என்று சொல்லிவிட்டு மோரை வைத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மறுநாள் முற்றத்தில் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தவளைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் எல்லாம் சேர்ந்து அண்ணாச்சி மேல் கோபமாகத் திரும்பியது. தெருவில் ஒருவன் நல்ல புருஷனாக இருந்தால் மற்றவன் பிழைப்பு என்ன ஆவது?

அந்த வாரமே அண்ணாச்சி எஸ்டிமேட்டோடு வந்தார். "வேற ஆபீஸ்காரர் ஒருத்தர் கூட்டிச் சரிபார்க்கணும்வே. அதான் முறை" என்றார். சொந்தக் கொல்லையில் அறை கட்ட அரசாங்க முறை. நான் கிளார்க். வாங்கிக்கொண்டேன்.

செங்கல், மணல், கூலி எல்லாம் சரி. 'கொத்தனாருக்கு டீ, ஒரு நாளைக்கு நாலு. மழை பெய்தால் ஆறு' என்று ஓர் இனம். 'மச்சினன் வந்து யோசனை சொல்வதால் வேலை கெடுவது, ஒரு நாள்' என்று ஓர் இனம். 'காக்கா தூக்கிப் போகும் சோப்பு, இரண்டு.' ஒரு பத்துப் பைசாவாவது உதைக்காதா என்ற ஆசையில் மூன்று தடவை கூட்டினேன். உதைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் கார்பன் தாளை வைத்து ஒரு வரி விடாமல் நகல் எடுத்துவிட்டு, அசலைத் திருப்பிக் கொடுத்தேன்.

என் திட்டம் எளியது. அண்ணாச்சி மூன்று கொத்தனார்களிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டு, தை பிறந்த பிறகுதான் கடைக்கால் தோண்டுவார். அதற்குள் நான் முடித்துவிட வேண்டும். தெருவில் முதல் துவைக்கிற அறை கோமதிக்குத்தான் வர வேண்டும். பொங்கலுக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து, வேறு தெருவிலிருந்து கொத்தனாரைப் பிடித்து, கார்பன் நகலைக் கையில் கொடுத்தேன்.

அவர் கொல்லையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ஐயா, தரைச் சரிவு வலதுபக்கம்னு போட்டிருக்கு. உங்களுக்குச் சாக்கடை இடதுபக்கம்லா இருக்கு."

"எழுதினபடி கட்டும்வே. அது யார் போட்ட கணக்கு தெரியுமா?"

"யார் போட்டா என்னங்கய்யா, தண்ணி..."

"எழுதினபடி."

ஜோடி வீடுகளில் ஒன்று மற்றதற்குக் கண்ணாடிப் பிம்பம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவருக்கு வலதுபக்கம் தெருச் சாக்கடை. எனக்கு வலதுபக்கம் அடுக்களை. பதினொரு வருஷமாக அதே அடுக்களையில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அண்ணாச்சியின் கணக்கு தப்பாது என்று தெருவிலேயே அதிகமாக நம்பியவன், அவர் தப்ப வேண்டும் என்று ஏங்கிய நான்தான்.

மார்கழி கடைசியில் திறப்பு விழா. அன்று வேலி ஓரமாக நின்று பார்த்த பெண்களே திரும்ப வந்தார்கள். கோமதி புதுச் சேலையில் வந்து கல்லின் முன் நின்றாள். கல் அவள் நெஞ்சுக்கு வந்தது. மதினி நெடுநெடுவென்று வளர்ந்தவர் என்பதும் அப்போதுதான் என் புத்தியில் ஏறியது. கோமதி முக்காலியைப் போட்டு ஏறி நின்று, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். சோப்பு நுரை அறையின் தரையில் அழகாக வழுக்கி, வலதுபக்கம் திரும்பி, அடுக்களைக்குள் நுழைந்து, சொதிக்குப் பிழிந்து வைத்திருந்த தேங்காய்ப்பால் சட்டியைச் சுற்றிக்கொண்டு அரிசிச் சாக்கை நனைத்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கலைந்தார்கள். கோமதி முக்காலியிலிருந்து இறங்கவே இல்லை. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலியைத் தாண்டி அண்ணாச்சி வந்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, ஓடுவதைப் பார்த்தார்.

"சரிவு நல்லா வந்திருக்குவே. போற இடம்தான் சரியில்ல."

மறுநாள் காலையில் அவருடைய கொத்தனார் வந்தார். அவருடைய சிமெண்ட் இரண்டு மூட்டை வந்தது. ஒரே நாளில் தரையைக் கொத்தி, சரிவை இடதுபக்கம் திருப்பினார்கள். அவருடைய அறைக்கு அன்றுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

"எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?" என்றேன், தலையைத் தூக்காமல்.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் சரிபார்த்த எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கம். என்னிடம் கொடுத்த அன்று இதை மட்டும் உருவி வைத்துக்கொண்டாராம். அதே தேதி, அதே கையெழுத்து. 'பக்கத்து வீட்டு வகை: சரிவு திருப்ப சிமெண்ட் இரண்டு மூட்டை, கொத்தனார் ஒரு நாள். கல்லை இறக்கி வைக்கக் கூலி ஒரு ஆள்.'

"நான் காப்பி அடிப்பேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உம்ம மூஞ்சியிலதான் எழுதியிருந்ததே. சொன்னா நீரு கேப்பீரா? அதான் ஒதுக்கி வச்சேன்."

தாளின் கடைசி வரி: 'கல்லின் உயரம்.' அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. தும்மலுக்குக்கூடக் கணக்கு வைத்திருந்த மனிதர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"இது ஏன் அண்ணாச்சி இப்படிக் கிடக்கு?"

"அதை நான் அளக்கக் கூடாதுவே. நீருதான் அளக்கணும்" என்று டேப்பை என் கையில் வைத்துவிட்டு, வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

கோமதி சுவரோரம் நின்று காற்றில் சேலை கசக்கினாள். முழங்கை உயரத்தை மூன்று தடவை அளந்துவிட்டு, டேப்பை உச்சந்தலை வரைக்கும் நீட்டினேன். அவள் உயரம் நாலடி பத்தே முக்கால் அங்குலம். இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஓய்வு பெற்றதும் அண்ணாச்சியும் மதினியும் திசையன்விளைக்கே போய்விட்டார்கள். லாரி ஏறிய சாமான்களில் மெஷினும் இருந்தது. அங்கே அவருக்குப் பக்கத்து வீட்டில் யாரோ ஒருவன் குடியிருப்பான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் எனக்கு அவன் மேல்தான் பொறாமையாக இருக்கிறது.