ஆறு மாச சாரின் வெற்றிக் கணக்கு

கடலூர் மாவட்டத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்து, அதில் சேர்ந்தவனை மாமியாரைப்போல வேவும் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ‘ஆறு மாச சார்’தான்.

கடலூரில் வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் அரசு அலுவலகமொன்றில் இருந்தார். வேலை கிடைத்தவன் ஆறு மாதம் அங்கேயே நின்றால் முகாம் வெற்றி. நடுவில் விலகினால் தோல்வி. மேலிடத்து அளவுகோல் அப்படி. எம்.எஸ்சி. படித்துவிட்டு ஏ.டி.எம். வாசலில் காவல் காத்த கீரப்பாளையத்துக்காரன் வெற்றி. இரட்டைச் சம்பளத்துக்குத் துபாய் போனவன் தோல்வி. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, சாருக்கு அது வேதவாக்கு.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். வேதியியல் பட்டதாரி. ஒரு முகாமில் சார் என்னைப் பிடித்துச் சிதம்பரத்து ஜவுளிக்கடையொன்றில் சேலை மடிக்க விட்டார். நான் ஓடிவிடக் கூடாதென்று என் அசல் சான்றிதழை முதலாளி பாய் வாங்கிப் பூட்டிவைத்தார். யோசனை சாருடையது.

அதோடு விட்டாரா? முகக்கவசம் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் வேஷத்தில் வந்து சேலைகளைப் பிரிக்கச் சொல்வார்.

“சார், நீங்கதானே?”

“நான் யாரா இருந்தா ஒனக்கென்ன? அந்த மாம்பழக் கலரை எடு. வேலைல நிக்கிறல்ல?”

நான் காய்ச்சலில் படுத்தபோது வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கஞ்சியக் குடுத்து அனுப்புங்கம்மா. இன்னும் ஒரு மாசந்தான். அப்புறம் எவ்ளோ நாள் வேணும்னாலும் படுத்துக்கட்டும்.”

அடுத்த வாரமே கடலூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு சேர வேண்டும். பாய் கையை விரித்தார்.

“ஒங்க சார் சொன்னாத்தான் தருவேன் தம்பி.”

சாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டார். போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான், சேலை மடித்தே சாக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முகக்கவசமில்லாமல் கடைக்கு வந்தார்.

“பாய், இவன் சர்டிபிகேட்டக் குடுங்க.”

“நீங்கதானே சார் பூட்டச் சொன்னீங்க? ஆறு மாசம் ஆவலியே!”

“அப்ப புத்தியில்லாம சொன்னேன். இப்பவும் ஜாஸ்தி இல்ல. குடுங்க.”

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். “நீ வந்த முகாம்ல இதுவரைக்கும் நின்னவன் நீ ஒருத்தன்தான்டா. ஒன்னயும் தோல்வின்னு எழுதணும். மீட்டிங்ல என்னை நிக்க வச்சிக் காய்ச்சப் போறாங்க.”

கடலூர் பஸ்ஸில் ஒரே ஓர் இடம் இருந்தது. அவரே உட்கார்ந்துகொண்டார். ஆலப்பாக்கம் தாண்டும் வரை என்னைத் திட்டித் தீர்த்தார். கூட்டத்தில் கசங்கிவிடக் கூடாதென்று, என் சான்றிதழை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.