வளைகாப்பில் வந்த வலி

புகழ்ச்சி என்றால் எனக்குப் பலவீனம். வலியில் துடித்துக்கொண்டிருந்தாலும், யாராவது புகழ்ந்தால் அதைக் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு துடிப்பேன்.

என் மனைவி மாலதிக்கு அப்போது ஏழாம் மாதம். கிள்ளானில் அவள் அம்மா வீட்டில் வளைகாப்பு. போய் இறங்கியதும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காகத் தூக்கிப் பந்தலுக்குக் கொண்டுபோனேன் (மாமியார் பார்க்கவேண்டும் என்றுதான்). சற்று நேரத்தில் இடது பக்க முதுகில், விலாவுக்குக் கீழே, ஏதோ பிடித்தது. நாற்காலி வேலை என்று விட்டுவிட்டேன்.

மாலதியின் கைகளில் வளையல் ஏறத் தொடங்கியபோது வலி கீழே இறங்கத் தொடங்கியது. முதுகிலிருந்து புறப்பட்டு, இடுப்பைச் சுற்றி, அடிவயிற்றுக்குப் போய், அங்கிருந்து சொல்லக் கூச்சமான இடம்வரை இழுத்தது. சற்று விட்டது. அப்பாடா என்பதற்குள் இன்னும் பலமாக வந்தது. உட்கார்ந்து பார்த்தேன், நின்று பார்த்தேன், எதுவும் சரிப்படவில்லை. பந்தலின் வாழைமரத்தைக் கட்டிப்பிடித்தேன். அது சாய்ந்துவிட்டது.

“பொண்டாட்டிக்கு வலி வர்றதுக்கு முன்னாடியே இவருக்கு வருது பாருங்க! என்னா பாசம்லா!” என்றார் மாலதியின் பெரியம்மா.

“எங்க வூட்டுக்காரரும் இருக்காரே,” என்று இன்னோர் அக்கா பெருமூச்சு விட்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கமாகப் புன்னகைத்தேன். பிறகு செம்பருத்திச் செடியருகே வாந்தி எடுத்தேன். அதையும் மசக்கைக் கணக்கில் சேர்த்துச் சிரித்தார்கள்.

மாலதி சிரிக்கவில்லை. கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக மணையிலிருந்து எழுந்து வந்தாள்.

“எங்க வலிக்குது?”

“காத்துதான்மா. இஞ்சித் தண்ணி குடிச்சா போயிடும்.”

“காத்துன்னா ஒரு எடத்துல சுருண்டு கெடப்பீங்க. நீங்க நிக்க முடியாம நடக்கிறீங்க. நான் ஸ்கூல் படிக்கிறப்போ எங்கப்பாவும் இப்படித்தான் நடந்தாரு. நாங்களும் காத்துன்னு விட்டுட்டோம். அப்புறம் காய்ச்சல் வந்து எத்தன நாள் வார்டுல கெடந்தாரு தெரியுமா?” அவள் குரல் தாழ்ந்தது. “ஒண்ணுக்குப் போனீங்களா? என்ன கலர்?”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என் பதிலுக்காகக் கழுத்தை நீட்டினார்கள்.

“செவப்பு,” என்றேன். “சிராப் குடிச்சேன்ல, அதான்னு நெனச்சேன்.”

(சிராப் என்பது விருந்துகளில் கொடுக்கும் சிவப்புச் சர்பத். அது போன நிறத்திலேயே திரும்பி வரும் என்று, பங்சாரில் நல்ல வேலையில் இருந்த ஒரு பட்டதாரி நம்பினான்.)

“கல்லு,” என்றாள் மாலதி. தன் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, காடிய எடுங்க.”

காரின் பின்சீட்டில் அவள் கையை இறுகப் பிடித்தேன். இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்தன. நல்ல நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று பதறினேன்.

“வளையல் போனா போவுது. மூச்ச உள்ள இழுங்க. மெதுவா விடுங்க,” என்றாள். கர்ப்பிணிகள் வகுப்பில் படித்த பாடம். அந்த வகுப்புக்கு நானும் போயிருக்கிறேன், வாசலில் போன் பார்த்துக்கொண்டு.

மருத்துவமனையில் ஒரு மலாய் நர்ஸ் சக்கர நாற்காலியோடு மாலதியை நோக்கி ஓடி வந்தார். “டுடோக், புவான், டுடோக்!” உட்காருங்கம்மா என்று கெஞ்சினார்.

“புக்கான் சாயா. சுவாமி சாயா,” என்றாள் மாலதி. எனக்கில்லை, என் கணவருக்கு.

நர்ஸ் அவள் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவள் வயிற்றைப் பார்த்தார். நான் தலைகுனிந்து ஏறி உட்கார்ந்தேன். ஒரு கையைத் தன் வயிற்றிலும் மறு கையை என் தோளிலும் வைத்தபடி மாலதி கூடவே நடந்தாள்.

ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு சின்னக் கல். நிறையத் தண்ணீர் குடித்தால் தானாகவே வெளியேறிவிடும், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார் டாக்டர்.

வலி அடங்கியபோதுதான் மாலதியின் கன்னத்துச் சந்தனம் கோடு கோடாகக் கரைந்திருப்பதைப் பார்த்தேன்.

“அழுதியா?”

“அப்பா ஞாபகம் வந்துருச்சு,” என்றாள். “இனிமே வலிச்சா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. சிராப்ப நம்பாதீங்க.”

சில நாளில் கல் வந்து விழுந்தது. இரண்டு மாதம் கழித்து மகள் பிறந்தாள்.

இப்போது அவள் பாலர் பள்ளியில் படிக்கிறாள். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஆசிரியை கேட்டாராம். “ரெண்டு டீச்சர். மொதல்ல அப்பாவுக்குக் கல்லு பொறந்துச்சு. அப்புறம் அம்மாவுக்கு நான் பொறந்தேன்,” என்றிருக்கிறாள்.

குழம்பிப்போன ஆசிரியை, அழைத்துவரப் போன மாலதியிடம் தயங்கித் தயங்கி விசாரித்தார்.

“உண்மைதான் டீச்சர்,” என்றாளாம் மாலதி. “எனக்குத்தான் ஆப்பரேஷன். அவருக்குச் சுகப்பிரசவம்.”