அறுபதுக்கு ஐம்பத்தேழு

"அறுபதுக்கு ஐம்பத்தேழு! ஆமாங்கறேன், என் பொண்டாட்டிதான். ஸ்கூல் பஸ் ஓட்டுறாளே, அவளேதான்!"

லாய்ட் தொலைபேசியில் கத்தக் கத்த, சமையலறையில் வெர்னா கூனிக்குறுகிப் போனாள்.

அந்த மதிப்பெண் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் மாதிரித் தேர்வுகள் இரண்டு. அவள் முதல் தேர்வையே திரும்பத் திரும்ப எழுதினாள். முதலில் வந்தது இருபத்திரண்டு. இப்போதோ, ரயில் கணக்கில் ரயில் கிளம்பும் முன்பே விடை வந்து நின்றது. அந்த முதல் தேர்வின் விடைப் பக்கத்தில் புத்தகத்தின் முதுகே ஒடிந்துவிட்டது. மேஜையில் வைத்தால் தானாக அங்கேதான் திறக்கும்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் தயார் என்றது புத்தகம். பட்டத்துக்கு அவளுக்குப் பாக்கி இந்தக் கணக்கு மட்டும்தான். சனிக்கிழமை கல்லூரியில் தேர்வு. தேறிவிட்டால் பஸ்ஸிலிருந்து இறங்கி, வகுப்பறைக்குள் ஆசிரியையாகவே நுழையலாம்.

வெள்ளிக்கிழமை காலை தேவாலயப் புல்வெளிப் பலகையில் பெரிய எழுத்துகள்: 'கணக்கை வென்ற வெர்னாவுக்கு வாழ்த்துகள்.' கீழே ஞாயிறு பிரசங்கத்தின் தலைப்பு: 'பொய் சொல்லாதே.'

"இன்னும் பரீட்சையே எழுதலையே லாய்ட்!"

"எழுதத்தானே போறே? பாதிரியாருக்கு முட்டி வலி. ரெண்டு தடவை ஏணி ஏறி எழுத்து மாட்ட முடியாதாம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸிலேயே உட்கார்ந்து இரண்டாவது தேர்வை எழுதினாள். ஏமாற்றவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. பிறகு புத்தகத்தை மடியில் வைத்தாள், அது திறந்தது. படபடப்போடு சிவப்புப் பேனாவால் திருத்தினாள். தப்பு, தப்பு, தப்பு.

பதினான்கு.

தாளையும் புத்தகத்தையும் சமையலறை இழுப்பறையில் கைத்துண்டுகளுக்கு அடியில் புதைத்தாள்.

சனிக்கிழமை கல்லூரி வாசல்வரை போனாள். காரைவிட்டு இறங்க மட்டும் கால் வரவில்லை. தேர்வு முடியும் நேரம்வரை வண்டிக்குள்ளேயே உப்பு பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருந்தாள். தேர்வு அறைக்குப் போகிற ஒவ்வொருவரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

வீட்டில் பாதி ஊர் கூடியிருந்தது. மேஜை நிறையக் கோழிப் பதார்த்தங்கள். நடுவில் நாத்தனார் ஜெரால்டின் செய்த கேக்; அதன்மேல் சர்க்கரையில் '57'.

"என்ன ஆச்சு?" என்றான் லாய்ட்.

"முடிஞ்சது" என்றாள் வெர்னா. அது மட்டுமாவது உண்மை.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பாதிரியார் கட்டிப்பிடித்து ஆசீர்வதித்தார். "ஞாயித்துக்கிழமை மேடையேறி ரெண்டு வார்த்தை சொல்லணும்மா."

"எதைப் பத்திங்க?"

"நேர்மையா உழைச்சதைப் பத்தித்தான்."

வெர்னா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஜெரால்டின் மட்டும் அங்கே இல்லை. கேக் வெட்டக் கத்தி தேடிச் சமையலறைக்குப் போனவள் நெடுநேரமாகியும் வரவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். பிறத்தியார் காகிதம் கண்ணில் பட்டால் விடமாட்டாள்.

இனி அவள் வாயால் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். "எல்லாரும் கேளுங்க. நான் ஒண்ணு சொல்லணும். இன்னிக்குக் காலையில நான்..."

"இருங்க அண்ணி, நான் சொல்றேன்!"

ஒரு கையில் கத்தியும் மறு கையில் சிவப்புக் கோடு போட்ட தாளுமாக ஜெரால்டின் வாசலில் நின்றாள். வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டாவது தேர்வுத் தாளுக்கு மொதத் தேர்வோட விடையை வெச்சுத் திருத்தியிருக்கீங்களே, நல்ல ஆளு போங்க! சரியான பக்கத்தை வெச்சு நான் பார்த்தேன், நாப்பத்தெட்டு! இன்னிக்குப் பரீட்சையில நீங்க தூங்கிக்கிட்டே எழுதியிருந்தாக்கூட பாஸாகியிருப்பீங்க அண்ணி!"