நாற்காலி காத்த செமஸ்டர்

"நாற்காலியில உக்கார்றதுக்கா உன்னை அத்தனை தூரம் அனுப்பினோம்? நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா? ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்கப்பா அதைத்தானே பண்றாரு, அவருக்கு எந்த காலேஜாவது மார்க் போட்டுதா?"

அம்மா தினமும் போனில் சொல்வது இதுதான். ஒரு சொல் கூட மாறாது. பின்னணியில் அப்பா செருமுவதும் மாறாது.

"அம்மா, இது சும்மா நாற்காலி இல்ல. பொறியாளர் நாற்காலி."

"தங்கத்துல பண்ணியிருக்கானா?"

"இல்லம்மா. ஒரு கால் ஆடுது."

மகள் மின்பொறியியல் கடைசி வருடம். கடைசி செமஸ்டரை வெளியூர் அலுவலகம் ஒன்றில் வேலை பழகிக் கழிக்க வேண்டும் என்பது கல்லூரியின் புது மோகம். முடிவில் அலுவலகம் தரும் விடுவிப்புச் சான்றோடு போனால்தான் வாய்மொழித் தேர்வு. சான்று இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? அதனால் புது டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக்கொண்டு, நகரத் தெருவிளக்குத் துறைக்கு வந்து இறங்கினாள்.

கண்காணிப்பாளர் அவளை வாசலிலேயே கண்டு கைகூப்பினார்.

"வாம்மா, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்துட்டே. உக்காரு."

"வேலை என்ன சார்?"

"அதான் சொன்னேனே. உக்காரு."

விஷயம் இதுதான். துறையின் இயக்குநர் சமீபத்தில் வெளிநாடு போய், அங்குள்ள அலுவலகங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்ததும் 'உயிர்ப்புள்ள இருக்கைக் கொள்கை' என்று ஒன்றைப் பிரகடனம் செய்தார். அதன்படி, எந்த நாற்காலி காலியாகக் கண்ணில் படுகிறதோ, அந்த நாற்காலியும் அதற்குரிய பதவியும் அக்கணமே ரத்து. இதற்காக ஒரு குழு, கழுத்தில் அட்டை தொங்க, மாடி மாடியாகத் திடீர் திடீரென்று நுழைந்துகொண்டிருந்தது. பொறியாளரோ மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வரும் வழியாகத் தெரியவில்லை.

ஆகவே மகள் உட்கார்ந்தாள். சாப்பிடப் போகும்போது அவளுடைய கைப்பை பொறுப்பேற்றது. கைப்பைக்கு முன்னால் கூட இரண்டு பேர் எழுந்து நின்றார்கள் என்பதை இங்கே பதிவு செய்வது நம் கடமை.

உட்கார்ந்தவளிடம் சனம் வரத்தானே செய்யும்? முதலில் வந்தவர் ஒரு தையல்காரர்.

"அம்மா, எங்க தெரு விளக்கு பகல்ல எரியுது, ராத்திரி அணையுது. ஏன்?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் மகள். உண்மையைச் சொல்லத்தானே அவளை வளர்த்திருந்தார்கள்.

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா இங்க வர்றேன். ஆவன செய்யப்படும்பாங்க, பரிசீலனையில இருக்கும்பாங்க. தெரியாதுன்னு ஒரு வாய் திறந்து சொன்ன முதல் அதிகாரி நீங்கதாம்மா!"

செய்தி தீயாய்ப் பரவியது. தெரியாது என்று சொல்லும் அதிகாரியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கைக்குழந்தையைக் கூடத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவள் தெரியாது என்றதும் நிறைந்த மனத்தோடு இருட்டுத் தெருவுக்குத் திரும்பினார்கள். இடையில் அவள் டெஸ்டரை எடுத்துக்கொண்டு, "ஒரு கம்பத்தையாவது ஏறிப் பார்த்துட்டு வரேனே சார்" என்று கேட்டாள்.

"விளக்கைப் பார்த்துக்க ஆள் கிடைப்பாங்கம்மா. நாற்காலியை யார் பார்த்துப்பா?" என்றார் கண்காணிப்பாளர்.

இயக்குநர் காதுக்கு விஷயம் எட்டியது. புகார் மனுக்கள் குறைந்துவிட்டன. மக்கள் சிரித்த முகத்தோடு வெளியேறுகிறார்கள். அவர் அசந்துபோனார். உடனே எல்லாப் பிரிவுகளுக்கும் 'வெளிப்படை அறியாமை' என்ற தலைப்பில் பயிற்சி முகாம் நடந்தது. முப்பது வருடம் பரிசீலித்தே பழகிய நாக்குகள், "தெ… தெரி…" என்று திணறின. கண்காணிப்பாளர் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். நீர்வாரியத்துக்காரர்கள் தங்களுக்கும் இதே போல ஒரு மாணவி வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். மகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உட்கார்ந்த நிலையிலேயே போர்த்தினார்கள்.

இப்படியாக செமஸ்டர் முடிந்தது. மறுநாள் காலை வாய்மொழித் தேர்வு. அதற்குப் போக அன்று சாயங்காலமே பஸ் பிடிக்க வேண்டும்.

"சார், என் விடுவிப்புச் சான்று?"

"தாராளமா வாங்கிக்கோம்மா. பொறியாளர் கையெழுத்து போடணும்."

"பொறியாளர்தான் இல்லையே சார்!"

"அந்த நாற்காலியில யார் இருக்காங்களோ அவங்கதான் பொறியாளர்."

"அதுல நான்தானே இருக்கேன்?"

"உன்னை நீயே விடுவிச்சுக்க முடியுமாம்மா? பெரிய பெரிய ஞானிகளாலேயே முடியல."

"அப்ப கைப்பையை வெச்சுட்டுக் கிளம்பறேன்."

"பைக்குக் கை இருக்கா, கையெழுத்துப் போட?"

"நீங்களே கொஞ்சம் உக்காந்து போட்டுக் குடுங்க சார்!"

"நான் இங்க உக்காந்தா என் நாற்காலி காலியாயிடும். குழு கீழ்மாடியில நிக்குது. எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா."

அவர் விறுவிறுவென்று போய்த் தன் இருக்கையில் ஒட்டிக்கொண்டார். மகள் உட்கார்ந்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, என்னை எழுந்திரிக்க விட மாட்டேங்கறாங்க!"

"எதுக்குடி எழுந்திரிக்கணும்?" என்றாள் அம்மா. குரலில் தேன் சொட்டியது. "சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் மக பொறியாளராயிட்டான்னு சொல்லியாச்சு. உங்க சித்தி மூஞ்சியை நீ பார்த்திருக்கணும்! பரீட்சை எங்க ஓடிடப் போகுது? முதுகு வலிச்சா ஒரு தலையணை வெச்சுக்கோ. அப்பாவைக் கேட்டுச் சொல்றேன், எது நல்ல தலையணைன்னு."

போன் வைக்கப்பட்டது. மணி நகர்ந்துகொண்டிருந்தது.

எதிரே அன்றைய வரிசை, கதவைத் தாண்டி, படிக்கட்டு வரை. தையல்காரர், பால்காரர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற நீதிபதி. காலையிலிருந்து நின்றுகொண்டே, "அந்த இடத்துல மட்டும் நான் இருந்தா ஒரே நாள்ல இந்த ஊரை ஜொலிக்க வெச்சிருப்பேன்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

மகள் அவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"உங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு கையெழுத்து போடற நேரம், இந்த நாற்காலியில வந்து உக்காருங்களேன்?"