ஆடாத குடம்

இனிமேல் தச்சனைக் கூப்பிடுவதில்லை என்று குறிஞ்சிப்பிட்டி மனுவேல் தீர்மானம் எடுத்தான். எடுத்ததோடு நிற்கவில்லை, சோற்றுக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து நின்று அறிவித்தான். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவன் மனைவி றோசலின். மற்றவள் கைக்குழந்தை மதுசா. அவள் மட்டும் கை தட்டினாள்.

சில்லை, அந்தச் சக்கரத்தை, தானே திருத்தப்போவதாக அறிவிப்பு.

அது சும்மா சில்லு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னந்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த பழைய என்ஜின் ஒன்று, இரண்டு பெரிய மரச்சில்லுகளின் மேல் ஏறி அவன் முற்றத்தில் நின்றது. சண்டைக் காலமெல்லாம் ஒரு கொட்டிலுக்குள் மறந்து கிடந்தது. சண்டை முடிந்து, தோட்டம் துண்டு துண்டாக விலைப்பட்டபோது மனுவேல் அதை இழுத்து வந்தான். இனி அது தண்ணீர் இறைக்காது. ஆனால் உருளும். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, இந்த முறை அறுவடைத் திருநாள் ஊர்வலத்தில் வெங்காயமும் மிளகாயும் கட்டி இதையே முன்னுக்கு விடுவோம் என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து மனுவேலின் நெஞ்சு விரிந்துகொண்டே போனது. சட்டைப் பொத்தான்களுக்குத்தான் கஷ்டம்.

ஒரே ஒரு குறை. கிணற்றுக்கட்டுப் பக்கம் நின்ற சில்லு கல்லுப்போல இருந்தது. வேலிப்பக்கத்துச் சில்லு கிழவன் பல்லுப்போல ஆடியது. அதன் ஆரக்கால்கள் கலகலத்தன. அவையெல்லாம் வந்து செருகுகிற நடு உருளை மரம், அதாவது குடம், தொட்டால் ‘கடக்’ என்றது. இதற்கும் மனுவேல் காரணம் வைத்திருந்தான். இறுகின சில்லு வெள்ளைக்காரன் செய்தது. ஆடுகிற சில்லு நம்முடைய ஆள் எவனோ செய்தது.

இந்த ஆராய்ச்சி நடக்கும்போது றோசலின் கிணற்றுக்கட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பேசினில் மிஞ்சிய தண்ணீரை வழக்கம்போலப் பக்கத்துச் சில்லடியில் ஒரு வீச்சு வீசினாள்.

அவளுடைய கவலை வேறு குடத்தைப் பற்றியது. வீட்டுக் கிணறு கரிப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், குடித்தால் முகம் கோணிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீருக்குக் கோயிலடிக் குழாய்க்குப் போக வேண்டும். ஒரு இடுப்பில் மதுசா, மறு இடுப்பில் குடம். தூரத்தில் இருந்து பார்த்தால் தராசு ஒன்று நடந்து வருவதுபோல இருக்கும். மனுவேலைக் கேட்டால், ஆம்பிளை குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும் என்பான்.

"இஞ்சேருங்க," என்றாள் றோசலின். "திருநாளண்டு குடம் ஆடினா?"

"ஆடாது."

"ஆடினா எண்டு கேக்கிறன்."

"ஆடினா, நீ தூக்கிற குடத்தை நான் தூக்கிறன். வருசம் முழுக்க."

"ஆடாட்டி?"

"ஆடாட்டி நீ தண்ணியைப் பத்தி வாயே திறக்கக் கூடாது."

"ஓம்."

அவ்வளவு லேசில் அவள் ஓம் சொல்லி மனுவேல் கேட்டதே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வேலை தொடங்கியது. ஆப்புச் செதுக்கி இடுக்கெல்லாம் அடித்தான். காலையில் அடித்த ஆப்பு மத்தியானம் கச்சான் காற்றில் காய்ந்து கீழே விழுந்தது. ஆணி அடித்தான், ஆணி வளைந்தது, விரல் வீங்கியது. பசை பூசினான். பசையில் குறை சொல்ல முடியாது. மரத்தில் ஒரு பக்கமும் அவன் உடுத்திருந்த சாரத்தில் மறுபக்கமும் நன்றாக ஒட்டியது. சாரத்தைச் சில்லிடமே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடியவனைப் பார்த்து மதுசா மறுபடியும் கை தட்டினாள்.

அப்போதுதான் பக்கத்து வளவு ஹிஸ்புல்லா நானா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"தம்பி, அது நோவு இல்ல, தாகம். காத்து மரத்தக் காய வெச்சிரிக்கி. சாக்கச் சுத்தித் தண்ணியக் குடுங்க. ஊறினா தன்னால இறுகும்." கொஞ்சம் நிறுத்தி, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். "ஆனா கரிச்ச தண்ணி ஆகாது. சில்லச் சுத்தின இரும்புப் பட்டத்தத் திண்டுரும். கொழாத் தண்ணிதான் வேணும்."

மனுவேல் கணக்குப் போட்டுப் பார்த்தான். குடம் ஆடாமல் இருக்க, குடம் தூக்க வேண்டும். அதுவும் றோசலினுக்குத் தெரியாமல்.

மறுநாள் விடியும் முன்னமே தலையில் துவாய் மூடிக்கொண்டு குழாயடிக்குப் போய் வந்தான். இரண்டு குடத்தையும் சில்லடியில் வைத்தபோது பின்னால் றோசலின் நின்றாள்.

"என்ன இது?"

"மரத்துக்கு மருந்து. நானா தந்தவர். நான் தோட்டத்துக்குப் போனதும் மணிக்கொருக்கா சாக்கை நனை. வாயில மட்டும் படக் கூடாது."

அவள் குனிந்து மணந்து பார்த்தாள். "மணமே இல்ல."

"விலை கூடின மருந்து மணக்காது."

"ரெண்டு குடம் காணாதே. சாக்கு மத்தியானமே காஞ்சுபோயிரும்."

மனுவேலுக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த நாளில் இருந்து மூன்று குடம். தோளில் தழும்பு விழுந்தது. ஆனால் சில்லு இறுகியது. நாளுக்கு நாள் ‘கடக்’ என்றது ‘கட்’ ஆகி, பிறகு ஊமையாகவே ஆகிவிட்டது.

திருநாளன்று என்ஜின் வெங்காயக் குலைகளோடு ராசாவைப்போல உருண்டது. குடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனுவேல் புனிதரின் சுரூபத்துக்குப் பக்கத்தில் நடக்கிறவனைப்போல நடந்தான். கோயில் வாசலில், நாலு பேர் கேட்க, றோசலின் தோல்வியை ஒப்புக்கொண்டாள். "நீங்கதான் வெண்டீங்க."

மறுநாளும் பழக்கத்தில் மூன்று குடம் வந்தது. அன்று பின்னேரம் மனுவேல் முற்றத்துக் கதிரையில் கால்மேல் கால் போட்டுத் தேத்தண்ணி குடித்தான். றோசலின் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். கிணற்றுக்கட்டில் இல்லை, வேலிப்பக்கத்துச் சில்லடியில். முடிந்ததும் பேசின் தண்ணீரை அப்படியே சாக்கில் ஊற்றினாள்.

"கரிச்ச தண்ணி! பட்டம் போயிரும்!"

"கிணத்துக்கட்டுப் பக்கச் சில்லுக்கு இவ்வளவு நாளும் இந்தத் தண்ணிதான்," என்றாள் றோசலின். "வெள்ளைக்காரனே வந்து ஊத்தினவன்?"

வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியை மனுவேல் பாதியில் நிறுத்தினான். "அப்ப மருந்து?"

"சாக்குக்கு ஊத்தினது கிணத்துத் தண்ணி. மருந்தைத்தானே இப்ப குடிக்கிறீங்க. நேத்து சோறும் அதிலதான். நல்ல மருந்து."

வேலிப்பக்கம் ஒரு இருமல் கேட்டது. "என்னக் கோவிக்காதீங்க தம்பி. உங்கட வூட்டுக்காரி சொல்லச் சொன்னத்தத்தான் சொன்னேன். ஊர் சிரிக்குமெண்டும் பயப்படாதீங்க. சிரிச்சு முடிஞ்சிரிச்சி. கொழாயடியில பொம்பளைகள் உங்களுக்கு வரிசையில இடம் புடிச்சி வெச்சிரிக்காங்க."

மனுவேல் கடைசியாக எஞ்சியிருந்ததைப் பிடித்துக்கொண்டான். "பந்தயத்தில வெண்டது நான்."

"ஓம். அதாலதான் தண்ணியைப் பத்தி இனி நான் வாயே திறக்க மாட்டன்."

திறக்கவில்லை. வெறுங்குடம் ஒன்றை எடுத்து வந்து பேசாமல் அவன் கையில் வைத்தாள். மதுசா கை தட்டினாள்.

குடம் ஆடவேயில்லை. மனுவேல்தான் ஆடி ஆடிக் குழாயடிக்குப் போனான்.