நாம என்றால் எத்தனை பேர்?

"அண்ணா, ஆளுக்கு எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கணும்? ரெண்டு போதுமா, மூணா?"

தங்கையிடமிருந்து வந்த இந்தச் செய்தியைக் குக்கர் இரண்டு முறை படித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் உத்தியோகம். குக்கர் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, கம்பெனியில் வைத்தது. சட்டென்று சூடேறும், புஸ்ஸென்று பொங்கும், மூன்றாவது விசிலுக்குள் யாராவது அணைக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். "நான் எதையும் மனசுல வெச்சுக்கமாட்டேன்" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மனசில் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் மற்றவர்கள்தானே!

இவளுக்கு எதற்கு ஸ்வெட்டர்? கிரீஸ் விரலால் போனை மேலே தள்ளிப் பார்த்தார்.  பத்து நிமிடத்துக்கு முன்னால் மனைவிக்கு என்று நினைத்து அவர் அனுப்பிய செய்தி, 'நம்ம குடும்பம்' என்ற குழுவில் போய் உட்கார்ந்திருந்தது.

"ரூம் கிடைச்சிருச்சு. வெள்ளிக்கிழமை நாம சிட்டிக்குப் போறோம். ரெண்டு நாள். அங்கே செம குளிர். கம்பளி எடுத்து வை."

எல்லாம் அந்த 'நாம' செய்த வேலை. 'நாங்க' என்று எழுதியிருந்தால் அது தகவல். படித்துவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். 'நாம' என்று எழுதினால் அது அழைப்பு. குழுவில் இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அதில் மொத்தம் ஆறு பேர். அவர், மனைவி, அம்மா, தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், சித்தப்பா. வேறு மொழிக்காரனாக இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று குக்கர் பல்லைக் கடித்தார்.

விஷயம் சாதாரணமானது இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் கணவனும் மனைவியுமாகத் தனியே அவர்கள் எங்கும் போனதில்லை. போன தடவை எல்லோருமாக அருவி பார்க்கப் போனபோது, வண்டியை நிறுத்துகிற இடத்தில் காவலாளியோடு குக்கர் முக்கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின் இருக்கையில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். பாவம், இந்தக் கூட்டம் தாங்காமல் அழுகிறாள் என்று அவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அடுத்த முறை அவளும் தானும் மட்டும் என்று மனசுக்குள் சத்தியமும் செய்துகொண்டார். இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதை அவளிடம் அறிவித்தார். அவள் "சரிங்க" என்றாள். இதுவும் கெட்டால் அவள் இனி எதையும் ஆசைப்படவே மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

உடனே குழுவில் திருத்தம் போட்டார். "தப்பா வந்துருச்சு. நாம இல்ல. நாங்க."

அரை நிமிடத்தில் அம்மா போனில் வந்தாள்.

"ஏண்டா, நாங்கன்னா யாரு யாரு?"

"நானும் அவளும்மா."

"முதல்ல நாமன்னு எழுதின. அதுல நான் இருந்தேன். இப்ப நாங்கன்னு எழுதற. அதுல நான் இல்ல. இந்தப் பத்து நிமிஷத்துல நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"ஐயோ, அது கை தவறி வந்த மெசேஜும்மா!"

"கை தவறினாத்தான் அம்மா ஞாபகம் வருது உனக்கு."

குக்கர் வெடித்தார். அவர் கத்தியது அம்மாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நின்று கத்தினால் ஒன்பது மாடிக்கும் கேட்கும். கதவுகள் திறந்தன.

"பெத்த தாயைக் கூட்டிட்டுப் போனா இவருக்கு என்ன குறைஞ்சு போகுமாம்?" என்றது நான்காவது மாடிக் குரல்.

"நீங்க லிஃப்ட் வேணும்னா சும்மா இருங்க! இல்லாட்டி படியில நடங்க!" என்று கீழே பார்த்துக் கத்தினார் குக்கர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி அப்போதுதான் கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பியிருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிற வேலை அவளுக்கு. குழுச் செய்திகளை அவளும் படித்திருப்பாள்.

"உனக்குக் கோபமா இல்லையா? சொல்லித் தொலை!" என்று சமாதானம் பேச ஆரம்பித்தார் குக்கர்.

"கோபமெல்லாம் இல்லைங்க. வந்தா வரட்டுமே."

"இந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொல்லுது!" என்று மேஜையைத் தட்டினார். "நீ வாயைத் திறந்து கேட்கமாட்ட. அதனாலதான் எல்லாரும் ஏறி மிதிக்கறாங்க. உனக்காக நான் பார்த்துக்கறேன். ஒருத்தரும் வரமாட்டாங்க."

 அவள் உள்ளே போய்க் கம்பளித் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். எவ்வளவு வேதனை இருந்தால் இப்படி மௌனமாக மடிப்பாள் என்று குக்கர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த இரண்டு நாளுக்கும் அவர் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தார். லிஃப்ட் பராமரிப்புக்குப் போடுகிற அதே கட்டம் போட்ட தாள். 'சனி 8.00: காலைச் சாப்பாடு அறைக்கே வரும். 8.30: பதினான்காவது மாடி ஜன்னலில் பனி பார்த்தல். 9.15: ஆற்றங்கரையில் கைகோத்து நடத்தல். 10.15 முதல் 10.45 வரை: மனம் விட்டுப் பேசுதல்.' இந்தக் கட்டத்தில் அம்மாவை எங்கே நுழைப்பது? சித்தப்பாவை எங்கே நிறுத்துவது?

புதன்கிழமை காலை தங்கைக்குப் போன் போட்டார்.

"இதோ பாரு, அது ஆத்தங்கரை ஓட்டல்ல ஜோடிகளுக்குன்னு குளிர்காலத்துல தர்ற ரூம். ரெண்டு பேருக்கு மேல உள்ளயே விடமாட்டான். நான் பேசிப் பார்த்துட்டேன். முடியாதுன்னுட்டான்."

"அப்படியா? இரு, நான் கேட்கறேன்."

"நீ எதுக்குக் கேட்கற?"

அதற்குள் வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "அண்ணா, ரொம்ப நல்ல மாதிரி பேசினாங்க. உங்க ரூமுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு போட்டுட்டேன். நடுவுல கதவு கூட இருக்காம், திறந்து விடலாமாம். எங்களைப் பத்தி நீ இதுவரைக்கும் கேட்கவே இல்லைன்னு சொன்னாங்களே?"

குக்கர் போனை எறியப்போய், அது தன்னுடையது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். ஓட்டலைக் கூப்பிட்டு, "ஜோடி ரூமுக்கு எதுக்குய்யா நடுக்கதவு?" என்று ஒரு பிடி பிடித்தார். எதிர்முனையில் இருந்த பெண், குளிர் அதிகமாக இருந்தால் சாத்திக்கொள்ளலாம் ஐயா என்றாள்.

வியாழக்கிழமை அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். குழுவில் எழுதினார். "டூர் கேன்சல். சூப்பர்வைசர் லீவு தரமாட்டேன்னு சொல்லிட்டார்."

நல்ல பொய்தான். ஆனால் சித்தப்பாவும் சூப்பர்வைசரும் தினமும் காலையில் ஒரே பூங்காவில் நடக்கிறவர்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். சித்தப்பா ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். அநியாயம் என்று எங்கேயாவது காதில் விழுந்தால் போதும், விசில் ஊதிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவார்.

மத்தியானம் சூப்பர்வைசர் குக்கரை அறைக்குள் கூப்பிட்டார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது.

"நான் உனக்கு லீவு தரலையா?"

"இல்ல சார், அது வந்து..."

"உங்க சித்தப்பா அரை மணி நேரம் என்னைப் போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கினார். புருஷன் பொண்டாட்டி சந்தோஷமா இருக்கறது பொறுக்காத ஜென்மமாம் நான். ஞாயிறு வரைக்கும் லீவு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்!"

"சார், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"சொல்லிட்டல்ல? உன்னை எதுக்குப் பொய்யனாக்கணும்? லீவு கேன்சல்."

குக்கர் மூன்று விசிலையும் ஒன்றாக ஊதினார். எட்டு வருஷமாகக் குழிக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்த கதையைச் சொன்னார். வேலையை விட்டுவிடுவேன் என்றார். சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். குக்கர் இறங்கி வந்தார். கடைசியில் ஒரு வழிதான் மிஞ்சியது. சித்தப்பா போன் போட்டு மன்னிப்புக் கேட்டால் லீவு திரும்பக் கிடைக்கும்.

"மன்னிப்பா? நானா?" என்றார் சித்தப்பா. "சரி. உனக்காகக் கேட்கறேன். ஆனா நானும் வருவேன்."

"சித்தப்பா, அங்க குளிர் தாங்காது. உங்களுக்கு நெஞ்சுல சளி வேற."

"என்கிட்டக் கோட் இருக்கு. திங்கக்கிழமையே சலவைக்குப் போட்டு எடுத்துட்டேன். பேச்சை மாத்தாத. கேட்கட்டுமா, வேண்டாமா?"

"கேளுங்க" என்றார் குக்கர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. இருக்கிற ஆத்திரத்தில் கோட்டாவது திங்கட்கிழமையாவது.

அன்று மாலை மனைவியிடம் அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசியது அவளுக்கே புதிது.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறரை மணி வண்டின்னு தானே எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க? நாம நாலரை வண்டியில போயிடறோம். ஓட்டலையும் மாத்திட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் மூச்சு விடாத."

"அத்தை கிளம்பி உட்கார்ந்திருப்பாங்களே..."

"உட்காரட்டும்! ஏழு வருஷமா நீ உட்கார்ந்தியே, அவங்க ஒரு நாள் உட்காரட்டும்!"

"சரிங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, துணி எடுத்துவருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனாள். போனையும் எடுத்துக்கொண்டு போனாள். குளிரில் வெகு நேரம் மேலேயே நின்றுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ரயில் நிலையம் பனியில் பாதி மறைந்திருந்தது. பேசுகிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வந்தது. குக்கர் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மனைவியின் கையுமாக, ஜெயித்த ஆளின் நடையில் வண்டி ஏறினார். தங்கள் இருக்கையைத் தேடி எண்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனவர் அப்படியே நின்றார்.

"இவ்வளவு லேட்டாவாடா வருவ?" என்றாள் அம்மா. கழுத்து வரைக்கும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை. எதிரே கோட்டும் தொப்பியுமாகச் சித்தப்பா. மேல் தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் தங்கையின் வீட்டுக்காரர். நில அளவைத் துறையில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

"தண்ணி பாட்டில் வாங்க மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மனைவி சட்டென்று இறங்கிப் போய்விட்டாள். அழுகையை மறைக்கத்தான் போகிறாள் என்று குக்கருக்குப் பட்டது. அவ்வளவுதான், மூடி பறந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு நாலரை வண்டின்னு? ஓட்டல்காரனைக் கேட்டீங்களா? ஸ்டேஷன்ல ஆள் வெச்சீங்களா? வெட்கமா இல்ல? ஒரு வார்த்தை! கை தவறி ஒரே ஒரு வார்த்தை 'நாம'ன்னு எழுதிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டீங்களே! எட்டு பேர் போற லிஃப்ட்ல ஒன்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கும். அந்த இரும்புப் பெட்டிக்குத் தெரியற இங்கிதம் உங்களுக்குத் தெரியலையே! பாவம் அவ, இந்த ரெண்டு நாளுக்காக ஏழு வருஷம் காத்திருந்தா. அவ வாய்விட்டுச் சொல்லமாட்டா. நான் சொல்றேன். உங்க தொல்லை தாங்கல அவளுக்கு!"

 முன்பின் தெரியாத பயணிகள்கூடத் தங்கள் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டார்கள். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையை அழுத்திப் பிடித்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் திரும்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அது குக்கரை இன்னும் கிளறிவிட்டது.

"ஏன், பதில் இல்லையா? இப்ப வாயடைச்சுப் போச்சா? இறங்குங்க எல்லாரும். வண்டி கிளம்ப அஞ்சு நிமிஷம் இருக்கு."

 தங்கையின் வீட்டுக்காரர் கடைசிப் பெட்டியையும் மேலே தள்ளினார். வெளியே நடைமேடையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தண்ணீர் விற்கிற இடத்தில் மனைவி இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவர் கையைத் தட்டிக்கொண்டே குக்கர் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதினதைப் பார்த்து யாரும் கிளம்பல மச்சான், அதுக்கு முந்தின நாளே அக்கா எங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, 'இவர் கோபத்தை ரெண்டு நாள் நான் ஒருத்தியா வாங்க முடியாது, நீங்களும் வந்தா ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போட்டுக்கலாம்'னு அழுதாங்க."