தந்தம் அறுபட்ட மாடுகள்

தருமபுரி மாவட்டத்து ஆடு மாடுகளுக்கு ஒரு கணினிப் பதிவேடு வேண்டும் என்று மேலிடம் திருவாய் மலர்ந்தருளியது. அந்தத் திருப்பணி ஒப்பந்த ஊழியர் கனிமொழியின் தலையில் விழுந்தது.

"எல்லாத்துக்கும் பொதுவா இருக்கற விவரம் ஒரு அட்டவணைங்க சார். எப்பவாவது ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் இருக்கறது தனி அட்டவணை. எதுக்கு இருக்குதோ அதுக்கு மட்டும் ஒரு வரி எழுதினாப் போதும்," என்றாள்.

அலுவலர் சவுரியப்பன் சிரித்தார். "ஏம்மா, ரெண்டாக் காட்டினா வேலையப் பாதியில நிறுத்திட்டோம்னு நினைப்பாங்க. ஒண்ணே போடு. அகலமாப் போடு."

போட்டாள். மாடு ஒன்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள். ஒட்டகத்தின் திமில், குதிரையின் லாடம், பதிவுக்கு வந்த ஒரே ஒரு கோயில் யானைக்காகத் தந்தத்தின் நீளம். எந்த மாட்டுக்கும் பத்துக் கட்டத்துக்கு மேல் நிரம்பவில்லை.

"கட்டம் காலியா இருந்தா வேலை நிலுவைன்னு அர்த்தம். பூஜ்யம் போடு."

"சார், இல்லைங்கறது வேற, பூஜ்யம் வேறங்க."

"ரெண்டுக்கும் சம்பளம் ஒண்ணுதாம்மா."

நாற்பதாயிரம் மாடுகளுக்குத் தந்தத்தின் நீளம் பூஜ்யம் ஆனது. மறுமாதமே காட்டு விலங்குகளைக் காக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'மேற்படி விலங்குகளின் தந்தங்கள் அடியோடு அறுக்கப்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது. அறுத்தவர் பெயர் தெரியும்வரை பதிவு முடக்கப்படுகிறது.' பதிவு முடங்கினால் மருந்து கிடையாது.

ஏரியூரிலிருந்து பாஞ்சாலி ஓடி வந்தாள். மடிநோய் கண்ட அவள் பசு இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டுப் பிழைப்பே அந்தப் பசுதான்.

"ஊசி போட மாட்டேங்கறாங்கம்மா. தந்தம் எங்கேன்னு கேக்கறாங்க. மாட்டுக்கு ஏதுங்க தந்தம்?"

கனிமொழி அவளைச் சவுரியப்பனிடம் அழைத்துப் போனாள். சவுரியப்பன் சற்றும் கலங்காமல், 'தந்தம் அறுத்தவர் பெயர்' என்று முந்நூற்றுப் பதின்மூன்றாவது கட்டத்தைச் சேர்க்கச் சொன்னார்.

"யாரும் அறுக்கலைங்க சார்."

"அப்போ கட்டம் காலியா இருக்குமேம்மா?"

பாஞ்சாலி குறுக்கே புகுந்தாள். "எம்பேரையே போட்டுக்குங்க. எம்மாடு பொழைச்சாப் போதும்."

கனிமொழி அந்தப் பெயரைக் கட்டத்தில் தட்டச்சு செய்தாள். பதிவு திறந்தது. ஊசி போட்டார்கள். பசு பிழைத்தது.

சேதி பரவியதும் பாலக்கோட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு மருந்து வாங்கிப் போனார்கள். தண்டனைக்கென்று கட்டம் இல்லாததால் யாரையும் தண்டிக்க வழியில்லை.

காலிக் கட்டமே இல்லாத மாவட்டம் என்று விருது கிடைத்தது. சவுரியப்பன் கேடயம் வாங்கியபோது, மாவட்டத்துத் தந்தத் திருடர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருந்ததால், கனிமொழி அவர்களைவிடச் சத்தமாகத் தட்டினாள்.